ஒரு சாண் பிரேக் ஒயர்

வாளை மீனின் வாயைத் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் என் மாமாவின் ஆத்திரம் புரியும். தாடை முழுக்க ஊசி ஊசியாகப் பல். முந்தின வருடக் கோடையில், வெண்ணாற்று மதகுக்குக் கீழே இருக்கிற மடுவில், ஒரு வாளை அவருடைய தூண்டிலை விழுங்கிக் கரை வரைக்கும் வந்தது. அங்கே வந்து தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. கையில் மிஞ்சிய நைலான் நரம்பின் நுனி கத்தரிக்கோலால் வெட்டினது மாதிரி இருந்தது.

மாமா அம்மாவுக்குத் தம்பி. எங்கள் வீட்டோடுதான் இருந்தார். அப்பா சாப்பிட உட்கார்ந்தால் இந்தப் பேச்சை எடுக்காமல் இருக்க மாட்டார். "மச்சான் மீன் புடிக்கப் போறாரா, இல்ல மீனுக்குத் தீனி போடப் போறாரா?" என்பார். அடுத்த மே மாதம் வந்ததும் மாமா ஒரு வாரம் முழுக்கத் தூண்டில் வேலையாகவே இருந்தார். ஆற்றில் தண்ணீர் நின்று வெறும் மணலாகக் கிடந்தது. மதகுக்குக் கீழே மடுவில் மட்டும் தண்ணீர். பெரிய மீன் எல்லாம் அங்கேதான் ஒதுங்கியிருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். பத்து வயது. வாய் பேசாத பிள்ளை என்று பெயர் எடுத்தவன். அதனாலேயே மாமா என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

முதலில் தூண்டில் முள். நாகப்பட்டினத்தில் வாங்கி வந்த ஐந்து பெரிய முட்களைத் துருப் போக மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாக அரத்தால் ராவினார். நுனியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து இழுப்பார். வழுக்கினால் மறுபடியும் அரம். நகத்தில் கீறி நின்றால் தேங்காய் எண்ணெய் தடவிப் பழைய ரப்பர் செருப்பில் குத்தி வைப்பார். பிறகு நரம்பு. பலகையில் சுற்றிக் கிடந்த நைலான் நரம்பை இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவில் இழுத்துக் கட்டி, அதை உதடுகளுக்கு இடையில் வைத்துக்கொண்டு ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு மெதுவாக நடந்து போவார். கைக்குத் தெரியாத கீறல் உதட்டுக்குத் தெரியுமாம். கீறல் பட்ட இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, எச்சில் தொட்டு முடிச்சுப் போடுவார்.

"நல்லாக் கேட்டுக்க மாப்ளே. நரம்பு உடனே அறாது. நேத்து கீறல் விழுந்திருக்கும். இன்னிக்கும் இழுத்தா தாங்கும். பெரிய இழுவை வரும் பாரு, அப்பத்தான் பட்டுன்னு போவும்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

முள்ளுக்கும் நரம்புக்கும் நடுவில், வாளையின் பல் படுகிற இடத்தில், ஒரு சாண் கம்பி வேண்டும். கட்டுக்கம்பி மடங்கி ஒடிந்துவிடும். மொபெட்டுப் பிரேக் ஒயர்தான் சரி என்று மாமா முடிவு செய்திருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் என் கையில் ஒரு காசையும் கட்டிங் பிளேயரையும் கொடுத்தார். "சைக்கிள் கடையில பழைய ஒயர் கெடக்கும், ஒரு துண்டு வாங்கிட்டு வா. வெட்டிக் குடுக்கச் சோம்பேறித்தனப்படுவான், நீயே வெட்டிக்க" என்றார்.

கடையில் நாலைந்து பெரிய பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பந்தல் கால் ஓரமாக நின்றேன். கடைக்காரர் நிமிரவில்லை.

"யாருடா அது, பந்தலுக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு நிக்கிறது?" என்றான் ஒருவன்.

"உபதேசியாரோட செல்லப்பிள்ளைடா. செபத்துக்கு மட்டுந்தான் வாயத் தொறக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். பிரேக் ஒயர் என்று இரண்டு வார்த்தை. அது வரவில்லை. திரும்பி நடந்தேன்.

உபதேசியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் அந்தோணியார் கோவிலுக்குப் பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும்தான் வருவார். மற்ற நாளெல்லாம் மணி அடிப்பது, செபம் சொல்வது, நோயாளிகளைப் பார்ப்பது, எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் உபதேசியார்தான். என் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு, தஞ்சாவூரில் விடுதியோடு இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்துக்கு எழுதிப்போட்டு எனக்கு ஆறாம் வகுப்பில் இடம் வாங்கியிருந்தார். ஜூன் மாதம் தன்னுடைய மொபெட்டிலேயே ஏற்றிக்கொண்டு போய் விடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

அந்த மொபெட் கோவில் வாசலில் புங்கமரத்து அடியில் நின்றது. பின்சக்கரத்துப் பக்கம் ஒரு சின்ன நட்டுக்குள் நுழைந்து வெளியே வந்த பிரேக் ஒயர் ஒரு சாணுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. நுனி விளக்குமாறு போலப் பிரிந்திருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. நட்டுக்குப் பக்கத்தில் பிளேயரை வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினேன். வந்துவிட்டது. திருட்டு என்று தோன்றியதால் மாமா கொடுத்த காசை அந்தோணியார் உண்டியலில் போட்டேன். அதோடு அந்தப் பாவம் தீர்ந்தது என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

மாமா ஒயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனார். புரிகளைப் பிரித்து, மூன்றை எடுத்து, ஒரு முனையில் முள்ளையும் மறுமுனையில் வளையத்தையும் வைத்து முறுக்கினார். ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். முறுக்கு ஏறுவது விரல்களில் தெரிந்தது.

"இது சாதாரண ஒயரு இல்ல மாப்ளே. இது ஒண்ணுதான் வண்டியையும் ஆளையும் புடிச்சு நிறுத்துது. இது மட்டும் இல்லன்னா எறக்கத்துல போறவன் கதி என்ன? நேரா ஆறுதான். ஆளையே புடிக்கிறது வாளையப் புடிக்காதா?"

என் விரல்கள் விட்டுவிட்டன. முறுக்கு விர்ரென்று பிரிந்தது.

"கவனம் எங்கடா இருக்கு?" என்றார் மாமா.

நான் திருடியதாகத்தான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒயர் எதற்கு இருக்கிறது என்பதே அப்போதுதான் மண்டையில் ஏறியது.

மே மாதம் மாதா வணக்க மாதம். சாயங்காலம் தெருவில் செபமாலை நடந்தது. உபதேசியார் தன் சின்ன மகளை மொபெட்டின் முன்னால் நிற்க வைத்து ஓட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டு முன்னால் வந்ததும் வண்டி நின்றது. நன்றாகவே நின்றது. எனக்கு அதில் ஆறுதல் இல்லை. கீறல் விழுந்த நரம்பும் அப்படித்தான் தாங்கும், பெரிய இழுவை வரும்போதுதான் போகும் என்று மாமா சொல்லியிருந்தார். பெரிய இழுவை எங்கே வரும் என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. சனிக்கிழமைதோறும் காலையில் உபதேசியார் அக்கரை ஊரில் இருக்கிற நோயாளிகளைப் பார்க்கப் போவார். ஆற்றங்கரை மேலே வந்து, மதகுப் பாலத்துக்கு இறங்குகிற இடத்தில் சரிவு சுவர் மாதிரி இருக்கும்.

செபமாலை முழுக்க அந்தப் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அருள்நிறை மரியே சொல்லும்போது ஒவ்வொரு தடவையும், முடிந்ததும் போய்ச் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். முடிந்தது. அவர் என் தலையைத் தடவி, "தஞ்சாவூரு போவ ரெடியா?" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். மகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் தெருக்கோடி வரைக்கும் வண்டிக்குப் பின்னாலேயே ஓடினேன். வழியனுப்ப ஓடுகிறேன் என்று நினைத்து அந்தச் சின்னப்பெண் கையை ஆட்டியது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "பிரேக் ஒயர் அறுந்தா என்னம்மா ஆவும்?" என்று கேட்டேன்.

"வெளக்கு வைக்கிற நேரத்துல கேக்குற கேள்வியப் பாரு. போய்த் தண்ணி மோந்து வை."

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்றால் அவர் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அதற்கு முன்னால் சனிக்கிழமை இருந்தது.

மறுநாள் காலையில் மாமாவும் நானும் மடுவுக்குப் போனோம். உபதேசியாருக்கு அன்றைக்குக் காய்ச்சல் வரட்டும் என்று வழி நெடுக வேண்டிக்கொண்டேன். மாமா உயிர்க்கெண்டையை முள்ளில் கோர்த்து வீசினார். நரம்பை ஆள்காட்டி விரலில் தொங்கவிட்டு, பலகையைக் காலடியில் வைத்து உட்கார்ந்தார்.

"மூச்சு விடக் கூடாது. கரையில சத்தம் கேட்டா வாளை போயிடும்" என்று ரகசியக் குரலில் சொன்னார்.

நான் மடுவைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறியது. ஒரு மணி நேரம் இருக்கும். இன்றைக்கு வரமாட்டார் என்று நெஞ்சு மெல்ல இளகத் தொடங்கியபோது தூரத்தில் மொபெட்டுச் சத்தம் கேட்டது.

அதே நேரத்தில் மாமாவின் விரல் ஆடியது. நரம்பு சரசரவென்று ஓடியது. எழுந்து நின்று ஒரு சுண்டு சுண்டினார். தண்ணீருக்கு நடுவில் கறுப்பாக ஒரு முதுகு புரண்டது. "ஒயரு நிக்குதுடா! ஒயரு நிக்குது!" என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கரை மேலே உபதேசியாரின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. சரிவின் உச்சிக்கு வந்துவிட்டார். இறங்கத் தொடங்கினார்.

"சார்! பிரேக் இல்ல! பிரேக் இல்ல சார்! பிரேக் இல்ல!"

அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. என் வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. உபதேசியார் திடுக்கிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். மொபெட் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்துக் கட்டைச்சுவரில் மோதியது. அவர் சுவருக்கு இந்தப் பக்கம் கருங்கல் மேல் வந்து விழுந்தார்.

மாமா கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார். பலகை கல்லில் டக்டக்கென்று குதித்துக்கொண்டு போய் மடுவில் விழுந்தது. ஒரு வார வேலை, முள், நரம்பு, ஈயக்குண்டு, ஒயர் எல்லாம் அந்த வாளையோடு போயிற்று. மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உபதேசியாரின் நெற்றியில் ரத்தம். வலது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் பின்னாலேயே ஏறிப்போய்ச் சரிவில் நின்றேன். என் காலடியில் சரளைக்கல்லைக் கிழித்துக்கொண்டு பின்சக்கரம் போட்ட நீளமான ஒரு கோடு உச்சியிலிருந்து சுவர் வரைக்கும் போயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஊரில் பேச்சு வேறு மாதிரி போயிற்று. பேசாத பிள்ளை பேசியிருக்கிறது, அந்தோணியார்தான் பேச வைத்திருக்கிறார் என்றார்கள். அம்மா மெழுகுவத்தி வாங்கி ஏற்றினாள். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்து, காணாமல்போன தன் ஆடு எந்தத் திசையில் இருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். நான் வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடிப்போனேன். அந்தத் திசையில் போய்த் தேடினாள்.

ஒரு வாரம் கழித்து அம்மா என்னை உபதேசியார் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார். அம்மா உள்ளே அவர் மனைவியோடு பேசப் போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"ஏண்டா, பிரேக் இல்லன்னு உனக்கு யாரு சொன்னது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்கென்னமோ பிரேக் நல்லாப் புடிச்ச மாதிரிதான்டா இருந்துச்சு" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்ததில் கை வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. "சரி போ. கை கூடட்டும். தஞ்சாவூருக்குப் பஸ்லயே போவோம்."

அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அந்தச் சிரிப்பிலேயே முடிவு செய்துகொண்டேன். தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இப்படிச் சொல்கிறார். தஞ்சாவூர் போகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்பார். ஜூன் மாதம் மூன்று தடவை வந்து கூப்பிட்டார். மூன்று தடவையும் வயலில் போர்செட்டு மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்பா அடித்துப் பார்த்தார். அம்மா அழுதாள். காரணம் என்ன என்று யாருக்கும் சொல்லவில்லை. அந்த இடம் வேறு ஒரு பையனுக்குப் போயிற்று. நான் மாமாவோடு நாற்றங்காலில் இறங்கினேன். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது இப்படித்தான்.

முப்பது வயதுக்கு மேல்தான் எனக்கென்று ஒரு பழைய மொபெட் வாங்கினேன். மன்னார்குடியில் ஒரு கடையில் பிரேக் ஒயர் மாற்றக் கொடுத்தேன். பையன் புது ஒயரை நட்டில் கோர்த்து முடுக்கினான். மிச்சம் ஒரு சாண் தொங்கியது. பிளேயரை எடுத்து அதைக் கத்தரித்தான்.

"தம்பி, தம்பி!" என்று எழுந்துவிட்டேன். "பிரேக் போயிடப் போவுது!"

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது சும்மா வாலுண்ணே. இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். புடிக்கிறதெல்லாம் நட்டுக்கு இந்தப் பக்கம்."

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ஆளில்லாத ரோட்டில் காரணம் இல்லாமல் ஏழெட்டுத் தடவை பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். சரளை கொட்டிக் கிடந்த ஓர் இடத்தில் பின்சக்கரம் சுற்றாமல் அப்படியே இழுத்துக்கொண்டு போய், பின்னால் நீளமாக ஒரு கோடு விழுந்தது. வண்டியை நிறுத்திவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குப் பிரேக் இருந்திருக்கிறது. என் கூச்சலைக் கேட்டு அவர் அதை முழுசாக அழுத்தியிருக்கிறார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவர் எல்லாச் சனிக்கிழமையும் போல இறங்கிப் போயிருப்பார்.

போய்ச் சொல்ல உபதேசியார் அப்போது உயிரோடு இல்லை. பிரேக் நல்லாப் பிடித்த மாதிரிதான் இருந்தது என்று அவர் சொன்னதை, எனக்காகச் சொன்ன பொய் என்று நினைத்து அத்தனை வருடம் அவரைப் பார்த்தால் வேறு தெருவில் திரும்பிப் போயிருக்கிறேன். நடந்ததை நடந்தபடி அவர் சொல்லியிருக்கிறார். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.