பச்சைக் கோப்பைகளும் மூன்று கிலோ கரியும்

வரும் சனிக்கிழமை வேலூரில் என் கண்காட்சி. அழைப்பிதழில் ‘சிவப்புக் கோப்பைகள்’ என்று அச்சடித்தாகிவிட்டது. மூன்று தடவை சுட்டும் என் மின்சூளையிலிருந்து பச்சைதான் வந்தது. செம்பு கலந்த கிளேஸ், அதாவது பளபளப்புப் பூச்சு, காற்று குறைந்த நெருப்பில்தான் சிவக்கும். மின்சூளையில் நெருப்பே கிடையாதே! காஸ் சூளைக்கு வீட்டுக்காரர் விடமாட்டார். திருச்சானூரில் சுகுணா என்பவர் மின்சூளையிலேயே சிவப்பு எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, போன புதன்கிழமை கிளம்பினேன். சூளைக்குள் கரி போட்டால் காற்று குறையும் என்று ஏதோ வீடியோவில் சொன்னதை நம்பி, மூன்று கிலோ கரியையும் சுமந்துகொண்டு.

திருப்பதிக்கு நேர் பஸ் கண்ணெதிரே போய்விட்டது. 6.10க்குச் சித்தூர் பஸ்: 35 கிலோமீட்டர், 45 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். அங்கே அடுத்த பஸ்ஸுக்கு எழுபது நிமிடம் நின்றேன். எதிரே கிரானைட் பாலிஷ் பட்டறை ஒன்று காதைக் கிழித்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். திருப்பதி 70 கிலோமீட்டர், 110 ரூபாய், இரண்டு மணி நேரம், பாதி தூரம் நின்றபடி.

“இன்னா சார், அம்மாவாரு கோயிலுக்கு கரி மூட்டையா?” என்று சிரித்த திருச்சானூர் ஷேர் ஆட்டோக்காரர், மூட்டைக்கும் சேர்த்து 40 ரூபாய் வாங்கினார்.

சுகுணா எல்லையோர நகரி ஊர்க்காரர், தமிழ்தான் பேசினார். மூட்டையைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

“கரி வேணாண்ணா. நானு போட்டு ரெண்டு தபா சூளயில சூடாக்கற காயிலு பூடுச்சி. கல்லு பாலிஷ் போடற சிலிக்கான் கார்பைடு பவுடரு, ரொம்ப நைசா இருக்கறது. நூறு கிராம் கிளேஸுக்கு அரை கிராம். சூட்டுல அது கிளேஸுக்குள்ளயே காத்த துன்னுடும்.”

“எங்கேம்மா கிடைக்கும்?”

“நீங்க வந்த வழிதான். சித்தூரு பஸ்டாண்டுக்கு எதிர்ல பாலிஷ் பட்டறை கீதே, அங்கதான் நானு வாங்கறது.”

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. அலமாரியில் அவருடைய சிவப்புக் கோப்பை ஒன்று இருந்தது. பொறாமையோடு கையை நீட்டினேன். “தொடாதீங்கண்ணா!” என்று பதறினார்.

திரும்பும்போது சித்தூரில் இறங்கினேன். பட்டறைக்காரர் டீக்குப் போயிருந்தார், ஐம்பது நிமிடம். இருநூறு கிராம் பவுடர் 60 ரூபாய். கரியைப் பக்கத்து டீக்கடைக்காரரிடம் நீட்டினேன். அவர் காஸ் அடுப்பைக் காட்டி வேண்டாம் என்றார். மறுபடி வேலூர் வரை சுமந்தேன்.

பவுடரைக் கிளேஸில் கலந்து பூசி, வெள்ளிக்கிழமை சுட்டேன். நேற்றுச் சூளையைத் திறந்தால், பன்னிரண்டில் ஒன்பது சிவப்பு! வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதுவிட்டேன். படம் அனுப்பியதும் சுகுணா கூப்பிட்டார்.

“அண்ணா, பின்னாலயும் செவப்பா?”

“ஆமாம்மா, சுற்றிலும்.”

“எனக்கு முன்பக்கம் மட்டுந்தாண்ணா வருது. பின்னால பச்ச. அதான் தொட வேணான்னேன். எப்டி சுட்டீங்க? புதன்கெழம வந்து கத்துக்கினு போறேன். பஸ்ஸு டைம் சொல்லுங்க.”

ஆகவே, திருச்சானூரிலிருந்து வருபவர்கள் கவனத்துக்கு: நேர் பஸ்ஸைப் பிடியுங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கரி வேண்டாம், என்னிடமே இருக்கிறது.

எப்படிச் சுட்டேன் என்பது மட்டும் சத்தியமாக எனக்குத் தெரியாது. புதன்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது.