சார்ட்டில் எழுதிய தீவு

பள்ளியில் எங்களை ‘தீவுப் புள்ளைங்க’ என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று பேர் இருந்தோம். நான், முகாமில் எங்களுக்கு அடுத்த தடுப்பில் இருந்த என் சிநேகிதி, அவளுடைய தம்பி. மூவரும் நெடுந்தீவில் பிறந்தவர்கள். ஒரே வள்ளத்தில் கடல் தாண்டி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள். அங்கிருந்து எங்களைப் பஸ்ஸில் ஏற்றிக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பினார்கள். ஏனாத்தூர் போகும் வழியில் பழைய நெல் குடோன் ஒன்று இருந்தது. அதற்குள் சேலைகளையும் சாக்குகளையும் கட்டித் தொங்கவிட்டு, குடும்பத்துக்கு ஒரு தடுப்பு என்று பிரித்துக்கொண்டோம். எங்கள் தடுப்பில் அம்மா, அண்ணா, நான். அப்பா ஊரிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டார். அண்ணாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. காஞ்சிபுரத்தில் வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

எனக்கு ஒன்பது முடிந்து பத்து நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்குப் போகிற தெருவில் காலையில் நெசவாளர்கள் தறிக்கு நீளமாகப் பாவு நீட்டிக் கட்டியிருப்பார்கள். அந்தப் பட்டு நூலில் உடம்பு பட்டுவிடாமல் சுவரோரமாக நடக்க வேண்டும். கடல் இல்லாத ஊரில் மூச்சு முட்டும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. குழந்தைகளுக்கு எல்லாம் சீக்கிரம் பழகிவிடுகிறது.

ஆண்டு விழாவுக்குக் கண்காட்சி வைக்க வேண்டும் என்று எங்கள் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். அவரவர் ஊர் வரலாற்றைச் சார்ட்டில் எழுதி வர வேண்டும். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வந்த ஒருத்தி அங்குள்ள சமணக் கோயில் கூரையின் ஓவியங்களை வரைந்தாள். திருப்புட்குழிக்காரன் ஒருவன், அரக்கனைத் தடுத்துச் செத்த கழுகுக்குக் கடவுளே கொள்ளி வைத்த ஊர் தன்னுடையது என்று எழுதினான். அந்தக் கழுகைக் கொன்றவன் எந்த ஊர்க்காரன் என்று எங்களைப் பார்த்துக் கேட்டான்.

“அப்ப நீங்க அரக்கன் ஊருப்பா!” என்று வகுப்பே சிரித்தது.

“உங்க ஊர்ல இன்னா இருக்குதோ அத எழுதுங்கம்மா. கோயிலு, ராஜால்லாம் தேவையில்ல. நீங்க பாத்தத எழுதினாலே அது வரலாறுதான்” என்றார் டீச்சர்.

அதனால் பார்த்ததை எழுதினோம். குடோன் தரையில் சார்ட்டை விரித்துப் போட்டு மூவரும் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதினோம். எங்கள் தீவில் கடற்பாறைக் கற்களை அடுக்கித்தான் வேலி. சொந்தக்காரர் இல்லாத குதிரைகள் வெளியில் மேயும். எங்கள் தீவுக்குப் போய்வர ஒரு படகுதான். அந்தப் படகில் வைத்து ஒருநாள் கடற்படைக்காரர்கள் ஆட்களை வெட்டினார்கள். அதன் பிறகு சிநேகிதியின் பெரியம்மா அதில் ஏறவேயில்லை. ஹெலிகொப்டர் வந்தால் கிணற்றடியில் படுக்க வேண்டும். கடைசியில் என் பங்குக்கு நான் ஒரு வரி எழுதினேன். என் அண்ணாவின் பெயரைப் போட்டு, அவர் இயக்கத்துப் பெடியளுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தவர் என்று. அது பெரிய விஷயமே இல்லை. ராணுவத்தோடு சண்டை போட்ட அந்தப் பையன்களுக்குத் தீவில் எல்லா வீட்டிலும் பார்சல் கட்டினார்கள். அம்மா கட்டிக் கொடுத்ததை அண்ணா சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனார். அதில் எனக்குப் பெருமை. அவ்வளவுதான்.

டீச்சர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு வகுப்பின் முன்சுவரில், எல்லாச் சார்ட்டுகளுக்கும் நடுவில் அதைத் தன் கையாலேயே ஒட்டினார். ஆண்டு விழா முடிந்த பிறகும் அது அங்கேயே இருந்தது.

அந்தக் கோடை விடுமுறையில் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. எங்களுக்கு அது பக்கத்து ஊர். மறுநாள் முதல் காஞ்சிபுரத்தில் எங்கள் பேச்சைக் கேட்டால் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடையில் ‘ஆமா’வுக்குப் பதிலாக ‘ஓம்’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், கடைக்காரர் அடுத்த ஆளிடம் திரும்பிவிடுவார். அம்மா என்னிடம் வெளியில் பேசவே வேண்டாம் என்றார்.

சில நாட்கள் கழித்து, ஒரு காலைப் பொழுதில், சாதாரண உடையில் இரண்டு பேர் முகாமுக்கு வந்தார்கள். அண்ணா அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கையில் சுண்ணாம்பு மட்டை.

“ஒரு சின்ன விசாரணம்மா. சாயங்காலம் வந்துடுவாரு” என்று அம்மாவிடம் சொன்னார்கள்.

“என்ர பிள்ளை ஒண்டும் செய்யேல்லை ஐயா” என்று அம்மா ஜீப் வரைக்கும் ஓடினார். அண்ணா திரும்பிப் பார்த்து, சோற்றை மூடி வைக்கச் சொன்னார்.

பள்ளி திறந்த அன்று நான் முதலில் பார்த்தது அந்தச் சுவரை. மற்றச் சார்ட்டுகள் எல்லாம் இருந்தன. நடுவில் எங்களுடையது இருந்த இடத்தில் பசையின் கறை மட்டும் இருந்தது. டீச்சரிடம் போய்க் கேட்டேன்.

“அதப் பத்தி யார்கிட்டயும் பேசாதம்மா. உட்காரு போ” என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். யாரோ படித்திருக்கிறார்கள். நான் எழுதிய அந்த ஒரு வரியை வைத்துத்தான் அண்ணாவைக் கொண்டுபோயிருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அதைச் சுமக்கவும் தெரியவில்லை, இறக்கி வைக்கவும் தெரியவில்லை. சிநேகிதியிடம்கூடச் சொல்லவில்லை.

அண்ணாவை வேறோர் ஊரில் சிறப்பு முகாம் என்ற பெயரில் மூன்று வருடம் அடைத்து வைத்திருந்தார்கள். வழக்கு என்று ஒன்றும் இல்லை. அம்மா பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்கு வயிற்றுவலி என்பேன், பரீட்சை என்பேன். ஒருமுறைகூடப் போகவில்லை. அண்ணா திரும்பி வந்தபோது அவருக்கு இடது காது சரியாகக் கேட்கவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மறுபடி வெள்ளையடிக்கப் போனார். குடோனுக்குப் பதிலாக எங்களுக்குக் கட்டிக் கொடுத்த ஒற்றை அறை வீட்டில் நாங்கள் ஒன்றாக இருந்தோம். கலியாணமான பிறகும் நான் இருந்தது அடுத்த வரிசையில்தான். அந்தப் பதினைந்து சொச்ச வருடங்களிலும் நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியது குறைவு. அவர் உள்ளே வந்தால் ஏதாவது வேலையைச் சொல்லி வெளியே போய்விடுவேன். அவர் சிரித்தால் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எங்கள் நாட்டில் போர் முடிந்த பிறகு, கேரளக் கரையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் படகு போகிறது என்று முகாமில் பேச்சு வந்தது. அண்ணாவும் போக முடிவு செய்தார். கிளம்பும் நாள் காலை, தண்ணீர்க் குழாயடியில் என் குடத்தைப் பிடித்து நிறுத்தினார்.

“நீ ஏன் என்னோட கதைக்கிறேல்லை? நான் உனக்கு என்ன செய்தனான்?”

சொல்ல வாயெடுத்தேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள். “ஒண்டுமில்லை அண்ணா. வேலை கிடக்கு” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கரையிலிருந்து அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. ஏறப்போகிறோம் என்றார். பிறகு அந்தப் படகில் போன யாரிடமிருந்தும் எந்தத் தகவலும் இல்லை. எழுதிக் கேட்ட இடங்களிலிருந்து, அப்படியொரு படகு வரவில்லை என்று பதில் வந்தது.

போன வருடம் அந்த டீச்சரைப் பார்த்தேன். ஒரு சின்ன கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை எனக்கு. வயதான ஒரு அம்மா, மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். எத்தனையாவது நம்பர் என்று கேட்டார். சொன்னேன். என் பேச்சில் ஏதோ ஒரு சொல் அவரை நிறுத்தியது.

“நீ அந்தத் தீவுப் புள்ளதானே?”

மருமகளை மருந்து வாங்க அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். எத்தனையோ வருடமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன்.

“டீச்சர், எங்க சார்ட்ட யார்கிட்ட குடுத்தீங்க?”

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். “யார்கிட்டமா குடுப்பேன்? குண்டு வெடிச்ச மறுநாளே ஸ்கூலுக்கு ஓடினேன். வாட்ச்மேன எழுப்பி, கதவத் தெறந்து, அதக் கிழிச்சி எடுத்துக்கினு வந்துட்டேன். உங்கண்ணன் பேரு வேற அதுல இருந்துச்சே. வெந்நீர் அடுப்புல போட்டு, முழுசா எரியற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்துக்கினு இருந்தேன். ஒருத்தர் கண்ணுலயும் படல.”

“அப்ப எங்கண்ணன ஏன் புடிச்சாங்க?”

“எனக்கு எப்படிம்மா தெரியும்? அந்த மாசம் யாரத்தான் புடிக்கல?” என்றார். என் கையைத் தடவிக்கொடுத்தார். “மூணு புள்ளைங்க அவ்ளோ அழகா எழுதினத எரிச்சிட்டமேன்னு எனக்குத்தான் மனசு ஆறல.”

நெஞ்சிலிருந்து பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தேன். இறங்கவில்லை. நான் குற்றவாளி இல்லை. அது எனக்குத் தெரிந்தபோது, சொல்வதற்கு ஆள் இல்லை. என்னால் அவரைப் பிடித்தார்கள் என்றாவது ஒரு காரணம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. காரணமே இல்லாமல் ஒரு மனிதனின் காதும் மூன்று வருடமும் போயின. காரணமே இல்லாமல் மிச்ச வருடங்களை நான் பறித்துக்கொண்டேன்.

சிநேகிதி இப்போது கனடாவில் இருக்கிறாள். சார்ட்டில் என்னென்ன எழுதினோம் என்று போனில் கேட்டேன். “குதிரை எண்டு ஏதோ எழுதினம் என்ன? மற்றதெல்லாம் மறந்துபோச்சடி” என்றாள். தம்பிக்குச் சார்ட் எழுதியதே ஞாபகமில்லையாம். எனக்கு நினைவிருப்பவற்றைத் தாளில் எழுதிப் பார்த்தேன். அரைப் பக்கம்கூட வரவில்லை. அதிலும் எதை நான் பார்த்தேன், எதை அம்மா சொல்லிக் கேட்டேன் என்று பிரிக்க முடியவில்லை.

அம்மாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். சார்ட், அந்த வரி, நான் நினைத்தது, டீச்சர் சொன்னது. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகைக் கீழே வைத்தார்.

“‘தங்கச்சி என்னை நினைச்சு வெட்கப்படுறாள் அம்மா’ எண்டு சொல்லிச் சொல்லித்தான், பிள்ளை, அவன் போனவன்” என்றார். “ஜெயிலுக்குப் போன அண்ணன் எண்டு நாலு பேருக்கு முன்னால வெட்கப்படுறாளாம். தான் இல்லாட்டித்தான் நீ நிம்மதியா இருப்பாய் எண்டவன்.”

நான் வாயைத் திறக்குமுன் எழுந்து உள்ளே போனார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் சுளகை எடுத்து மிச்ச அரிசியைப் புடைத்தேன். அன்றிலிருந்து அம்மா என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசுகிறார்.