அடுப்பில் தொங்கிய சிவப்புப் பலகை

பூட்டு அண்ணனுக்கு அந்தப் பெயரை வைத்தது என் வீட்டுக்காரர்தான். அண்ணன் லேசில் வாயைத் திறக்க மாட்டார், ஒரு முடிவெடுத்தால் அசைய மாட்டார். இருவருக்கும் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஒருவர் லிஃப்டுக்கு அடியில் குழிக்குள் இறங்கினால் மற்றவர் மேலே சுவிட்சு அறையில் நிற்பார். அவர்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இறங்குகிறவர் சுவிட்சை அணைத்துவிட்டு, தன் பெயர் எழுதிய சிவப்புப் பலகையை அதில் மாட்ட வேண்டும். மாட்டியவரைத் தவிர வேறு யாரும் அதைக் கழற்றக் கூடாது.

போன மழைக்காலத்தில் ஒரு பத்து மாடிக் கட்டடத்தில் என் வீட்டுக்காரர் குழிக்குள் இருந்தார். கட்டட மேலாளர் சுவிட்சு அறைக்கு வந்து குதித்திருக்கிறார். உன் ஆளை இப்போதுதான் டீக்கடையில் பார்த்தேன், போடு சுவிட்சை என்று. டீக்கடையில் நின்றது அதே சட்டை போட்ட வேறொருவர். பூட்டு அண்ணன் சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்து நின்றுவிட்டார். மேலாளர் புகார் எழுதினார். அண்ணனுக்குக் கிடைத்த பரிசு, வேறு ஊருக்கு மாற்றல்.

நாளைக் காலை கிளம்புகிறார். என் வீட்டுக்காரர் இன்னும் ஒரு வார்த்தை நன்றி சொன்னபாடில்லை. ஐந்து மாதமாக, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்புவார். சாயங்காலம் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பார். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் மேலே ஏற்றுகிறவருக்கு ஒரு சொல்லைத் தொண்டைக்கு மேலே ஏற்றத் தெரியவில்லை. கடைசியில் நான்தான் அண்ணனையும் கூட வேலை பார்க்கும் நாலு பேரையும் சாப்பிடக் கூப்பிடச் சொன்னேன். நண்டென்றால் அண்ணன் உயிரை விடுவார்.

சமையல் வீட்டுக்காரர் பொறுப்பு. நண்டுகளைச் சற்று நேரம் ஃப்ரீசரில் வைத்து மயங்க விட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார். சாறு ஒழுகிவிடாமல் இட்லிப் பானைத் தட்டில் மல்லாக்க அடுக்கி, மேலே இஞ்சியைத் தூவினார். அடியில் தண்ணீர் கொதித்ததும் மூடியைப் போட்டார். எனக்கோ நிமிடத்துக்கொரு முறை மூடியைத் திறந்து பார்க்காவிட்டால் இருப்புக்கொள்ளாது. அதனால் தன் சிவப்புப் பலகையைக் கொண்டுவந்து அடுப்புத் திருகில் மாட்டினார். "மூடியில கை வெச்சே, தெரியும் சேதி" என்று மிரட்டிவிட்டு எலுமிச்சம்பழம் வாங்கப் போனார். போன இடத்தில் யாரிடமோ மாட்டிக்கொண்டார் போலிருக்கிறது.

வந்தவர்கள் கூடத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அரை மணி கழித்து நான் சமையலறைக்குள் போனால் வாசனையே இல்லை. தீ அணைந்திருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டே பலகை மாட்டிப் பழகிய கை. அடுப்பையும் அணைத்துவிட்டு மாட்டியிருக்கிறது. தண்ணீர் குடிக்க வந்த பூட்டு அண்ணன் அடுப்பருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் எரிச்சலோடு திருகிடம் கையைக் கொண்டுபோக, அவர் குறுக்கே கை நீட்டினார்.

"அடுப்பு அணைஞ்சு கிடக்குண்ணே."

"வந்ததுமே பாத்தேம்மா. பலகை அவன் மாட்டினது. அவன் வரட்டும்."

வெறும் நண்டுதானே என்று நினைத்தபடி கையை எடுத்தேன். அன்றைக்கு அந்தச் சுவிட்சு அறையில் அவர் கண்கள் சிவக்கக் கத்திக்கொண்டு நின்றதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இருந்திருக்காது. இப்படித்தான் இருந்திருப்பார், பசியோடு, கொட்டாவி விட்டுக்கொண்டு. என் பிள்ளைகளுக்கு அப்பா இருப்பது இந்த மனிதரின் பிடிவாதத்தால். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

எலுமிச்சம்பழத்தோடு வந்த வீட்டுக்காரர் அடுப்பைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ பலகையைக் கழற்றி, அதைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க அசையாம நின்னதாலதான் நான் உயிரோட வீட்டுக்கு வந்தேன். அஞ்சு மாசமா இதைச் சொல்ல வாய் வரல."

"உள்ள நீ இருந்தே. வேற என்ன பண்ணுவேன்?" என்றார் அண்ணன். "முதல்ல அடுப்பைப் பத்த வை. பசி உயிர் போகுது."

அவசரமாக உரசியதில் வீட்டுக்காரருக்கு இரண்டு தீக்குச்சிகள் அணைந்துபோயின. அண்ணன் பெட்டியை வாங்கிப் பற்றவைத்துவிடுவார் என்று பார்த்தேன். அவர் அசையவில்லை. மாட்டியவரே பற்றவைக்கட்டும் என்று காத்திருந்தார்.