கடைசி ஆளின் இடுப்பு மணி

பச்சைமலையில் ராத்திரி ஓட்டம் நடக்கும்போது எல்லாருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஆள் போடுவார்கள். ஜெயிக்கக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் ஒரே நிபந்தனை. என்னோடு அந்த வேலை பார்த்த சவரிமுத்து சாரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓட்டம் முடிந்த ஒரு காலையில், அரும்பாவூர் பஸ் நிறுத்தத்தில். வரதராசன்பேட்டைக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் வந்ததும் இடுப்பிலிருந்த ஆட்டுமணியை அவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

"பஸ்ஸுல குலுங்கினா கண்டக்டர் ஆட்டுக்கும் டிக்கெட் கேப்பாரு. நீங்களே வச்சிருங்க தங்கராசு."

அந்த வாரமே தூக்கத்தில் போய்விட்டார்.

மணி வந்த விதம்

என் மனைவி இறந்த பிறகு எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. எப்படியும் விழித்திருக்கிற ஆள்தானே என்று இந்த வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஊர்வலத்திலோ கல்யாண வேனிலோ கடைசி ஆளுக்காகக் காத்திருந்து கால் கடுத்தவர்களுக்கு எங்கள் பாடு புரியும். மலைமேல் போனில் சிக்னல் கிடையாது. விசில் கொடுத்துப் பார்த்தோம். ஆபத்துக்கு ஊதச் சொன்னால், நிலா தெரிந்ததற்கெல்லாம் ஊதினார்கள்.

சந்தையில் ஒரு ஆட்டுமணியை வாங்கி வந்தவர் சார்தான். சிவப்புக் கயிற்றில் கோத்துக் கடைசி ஆளின் இடுப்பில் கட்டுவது. முன்னால் போகிறவர்கள் காதில் அது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மணி நின்றால் எல்லாரும் நின்று, சேர்ந்து திரும்பி வர வேண்டும். இதுதான் சட்டம். இதைக் கேட்ட திருச்சி பேங்க்காரர் ஒருவர் கேட்டார்: "சார், நான் ஓட வந்தேனா, மேய வந்தேனா?"

கிடை

ஒரு தடவை வலதுபக்கச் சரிவிலிருந்து மணிச்சத்தம் வந்தது. கடைசி ஆள் வழி தவறி இறங்கிவிட்டார் என்று முடிவு செய்து, குழுவே ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு புதருக்குள் இறங்கியது. எல்லாருக்கும் முன்னால் விளக்கோடு போனது ராணி. பெரம்பலூரில் நர்ஸ், பயம் என்றால் என்னவென்று கேட்கிற பெண். உண்மையான கடைசி ஆட்களான சாரும் நானும் மேலே பாதையில் நின்று கத்தியது யார் காதிலும் விழவில்லை.

போய்ச் சேர்ந்த இடம் ஆட்டுக்கிடை. காவலுக்குப் படுத்திருந்த அம்மா எழுந்து, நெற்றி விளக்கு கட்டிய இத்தனை முகங்களையும் நிதானமாகப் பார்த்தார். "எங்க ஆடெல்லாம் பட்டியில இருக்கு. நீங்க யாரு வூட்டு ஆடு?"

முந்திப் போனவர்

சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவருக்குக் கூட்டமாக ஓடுவது கௌரவக் குறைச்சல். ராணி தடுத்தும் கேட்காமல் தனியாகப் பாய்ந்தார். பனி இறங்கிவிட்டது. அவர் எந்தப் பாறையில் உருண்டு கிடக்கிறாரோ என்று பாறை பாறையாக விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே போனோம். சார் வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே நடந்தார்.

விடியும் நேரத்தில் எங்களுக்குப் பின்னாலிருந்து, "அண்ணே, நில்லுங்கண்ணே" என்று குரல். மலையைச் சுற்றிவிட்டு அதே பாதையில் வந்து சேர்ந்திருக்கிறார். முட்டியெல்லாம் சிராய்ப்பு. சார் தன் இடுப்பிலிருந்த மணியை அவிழ்த்து அவர் இடுப்பில் கட்டி, முடிச்சையும் இறுக்கினார். "இப்ப நீங்கதான் கடைசி ஆளு. குலுங்கிக்கிட்டே வாங்க."

மணி நின்றது

சார் போன பிறகு நடந்த முதல் ஓட்டம். கடைசியில் நான் மட்டும். இனி ஒருவர் விழுந்தால் பார்க்க இன்னொரு ஆள் இல்லை. கையில் கட்டிய ஜி.பி.எஸ். கடிகாரத்திலேயே அவரவர் இருக்கும் இடம் தெரிகிறது, மணி எதற்கு என்று புதியவர்கள் சிலர் சொன்னார்கள். ராணி மணியை எடுத்து என் இடுப்பில் கட்டிவிட்டாள்.

பாதி மலையில் சாரும் நானும் வழக்கமாக உட்கார்ந்து பொரி தின்கிற பாறை வந்தது. கால் அங்கேயே நின்றுவிட்டது. உட்கார்ந்தேன். மணி குலுங்கியபோது தாங்கவில்லை. கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து விளக்குகள் வரிசையாக இறங்கி வந்தன. கடிகாரத்தை நம்பியவர்கள்கூட ஓடி வந்தார்கள். ஒருவர் கையில் கம்பு, ஒருவர் கையில் கட்டுத்துணி. என்னை முழுசாகப் பார்த்ததும் ராணிக்கு மூச்சும் கோபமும் சேர்ந்து வந்தது. நாடி பிடித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். யாரோ பொரிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

ராணிதான் பேசினாள். "அழுவுறதா இருந்தா அழுங்கண்ணே, வேணாங்கல. மணிய ஆட்டிக்கிட்டே அழுங்க."

முன்னால் போனவர்களுக்குக் கேட்கும்படி பின்னால் குலுங்கிக்கொண்டு வருவதைத் தவிர இந்தத் தொழிலில் வேறு வித்தை எதுவும் இல்லை. மணி என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. கயிறு மாற்றியாகிவிட்டது, முடிச்சு மட்டும் சார் போட்ட மாதிரியே.