மூன்று விரல் அர்ச்சியசிஷ்டவர்

"எலும்பை நீ குழம்புச் சட்டியில தவிர வேற எங்கடி பார்த்திருக்கே?" என்று அத்தை ஒருமுறை என்னிடம் கேட்டார்.

அது அநியாயமான கேள்வி. எங்கள் கல்லூரி விலங்கியல் அறையில் கம்பியில் கோத்த முழு எலும்புக்கூடு ஒன்று தொங்கியது. அதன் கை எலும்புகளின் பெயர்களை ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைப் பார்த்த முதல் ஆள் நான். யாரும் கேட்காமலே இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

அது இன்டர்மீடியட் கடைசி வருடம். அடுத்தது பி.எஸ்சி.யா, அத்தை கோலார் தங்கவயலில் பார்த்துவைத்திருந்த மாப்பிள்ளையா என்று அப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை. அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை பார்ப்பவர். எதையும் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்காமல் பேசமாட்டார்.

அந்த வருடம் எங்கள் கன்னட ஊரின் தசராப் பொருட்காட்சியில் ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். எகிப்து தேசத்து மம்மி, ஐயாயிரம் வருடம் பழையது, மூன்றே விரல், நீண்ட மண்டை, மனிதப் பிறவியே அல்ல, ஆகாயத்திலிருந்து இறங்கியது என்று வாசலில் எழுதியிருந்தது. ஊரில் இரண்டு கட்சி. ஒரு டாக்டர் பார்த்துவிட்டு அசல் என்றாராம். இன்னொரு டாக்டர் கூடாரத்துக்குள் நுழையாமலே பித்தலாட்டம் என்றாராம். நானும் நுழையாமலே எங்கள் சந்தில் வீடு வீடாகப் பித்தலாட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வா, போய்ப் பாப்போம்" என்றார் அப்பா. "நீ பாத்து என்னன்னு சொல்லு. காலேஜ்ல என்னதான் சொல்லித் தர்றாங்கன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்."

என் பி.எஸ்சி. அந்தக் கூடாரத்துக்குள் இருந்தது.

அத்தையும் வந்தார். உள்ளே அரையிருட்டு, ஊதுவத்தி வாசனை. கண்ணாடிப் பெட்டியில் காய்ந்த பழுப்பு உடல் ஒன்று நெஞ்சில் கைவைத்துப் படுத்திருந்தது. எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கண்ணாடிப் பெட்டியில் காய்ந்த உடல் என்றால் ஒன்றுதான் தெரியும்: கோவாவில் இருக்கும், அர்ச்சியசிஷ்டவர் என்று நாங்கள் சொல்லும் புனிதரின் அழியாத சரீரம்.

"சேசு மரி சூசையே" என்று அத்தை மண்டியிட்டார். கைக்குட்டையைக் கண்ணாடியில் ஒற்றி முத்தமிட்டார். பின்னால் நின்ற பெண்களும் எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டார்கள். "நோடி, நோடி, மூரு பெரளு" என்று மூன்று விரல்களையும் பார்க்கச் சொல்லிக் கன்னடத்தில் கூவிக்கொண்டிருந்த கூடாரக்காரர் சட்டென்று குரலை இறக்கி, இன்னொரு ஊதுவத்தி கொளுத்தினார்.

நான்? என் வலது கை நெற்றிக்கும் நெஞ்சுக்கும் தோள்களுக்கும் தானாகவே போய்வந்துவிட்டது. தலை குனிந்தது, கண் மூடியது. பாதி ஜெபத்தில் அடுத்த கூட்டம் எங்களை வெளியே தள்ளியது.

காரப்பொரி விற்கும் சுருமுரிக் கடை அருகில் அப்பா கேட்டார்: "எத்தனை விரல்?"

"கார்ப்பல்ஸ், மெட்டாகார்ப்பல்ஸ், அப்புறம்..."

"அது பேரு. எத்தனைன்னு கேட்டேன்."

"பாக்கலைப்பா."

"அவ எங்க பாத்தா?" என்றார் அத்தை. "என் பக்கத்துல கண்ணை மூடி ஜெபிச்சிட்டில்ல நின்னா. தங்கவயல்ல இப்படிப் பக்தியான பொண்ணைத்தான் தேடறாங்க."

அப்பா சுருமுரியைத் தின்று முடித்தார்.

மறுநாள் தனியாகப் போனேன். வலது கையைப் பையின் வாரில் சுற்றிக்கொண்டு, கண்ணை அகலத் திறந்து பெட்டியின் பக்கத்தில் நின்றேன். "ஏன்ம்மா, இன்னூ நோடோதிதெயா?" என்றார் கூடாரக்காரர். இன்னும் பார்க்க இருக்கிறது என்றேன். விரல் மூன்றுதான். நடு விரலில் தோல் கிழிந்து எலும்பு தெரிந்தது. பார்த்ததைக் கல்லூரி எலும்புக்கூட்டோடு ஒப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"அப்பா, எலும்பு நிஜ எலும்பு மாதிரிதான் இருக்கு. ஆனா நடு விரல்ல ஒண்ணு திரும்பியிருக்கு. மணிக்கட்டுப் பக்கம் இருக்க வேண்டிய அகல முனை நகத்துப் பக்கம் இருக்கு. யாரோ எடுத்து மாட்டினது."

"மனுஷனா, ஆகாயத்து ஆளா?"

"தெரியாது. மாட்டினதுன்னு மட்டும் தெரியும்."

அப்பா தன் நடு விரலை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கினார். "திருப்பி மாட்டினா மடங்காதே."

"மடங்காது."

"ஹௌதா? அப்படியா?" என்றார். பிறகு உள்பக்கம் பார்த்து, "அக்கா, தங்கவயல்ல இப்ப வேண்டாம்னு சொல்லிடு" என்றார்.

"அர்ச்சியசிஷ்டவருக்கு எலும்பு எப்படி வேணா இருக்கும்" என்றார் அத்தை. எனக்குத் தலைவலி வரும்போதெல்லாம் அந்தக் கைக்குட்டையை என் நெற்றியில் வைக்கிறார். வலி போய்விடுகிறது. இதற்கு என்னிடம் இன்னும் விளக்கம் இல்லை.

இன்டர்மீடியட் தேறிவிட்டேன். பி.எஸ்சி. சேர விண்ணப்பத்தோடு போனபோது, பெண்கள் தாவரவியல் எடுப்பது வழக்கம், தவளை அறுக்க வேண்டியிருக்காது என்றார் குமாஸ்தா. விலங்கியல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.