கிள்ளான் போகும் வழியில் எனக்கு ஒரு பேட்டி

மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களைப் பேட்டி காண, புதிதாக ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் மலரோடு இன்று காலை கிள்ளானுக்குக் காரில் போனேன். அவளுக்குப் பயிற்சி கொடுப்பவள் நான்.

பெட்டாலிங் ஜெயா தாண்டியதும் ஜாம்.

“டாக்டர், உங்ககிட்ட ஒரு தடவ கேட்டுப் பழகிக்கிறேன். ராத்திரில வேர்க்குதா? தூக்கம் வருதா?”

“எனக்கு ஒன்னும் இல்ல லா. நார்மல்தான்.”

ஒன்றுமில்லை என்று ஒருத்தி சட்டென்று சொன்னால், அடுத்த கேள்விக்குத் தாவாமல் பேசாமல் காத்திரு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

மலர் காத்திருந்தாள். முன்னால் நின்ற லோரியும் நகரவில்லை.

பிறகு கையை நீட்டி ஏர்கானை வேர்த்திருந்த என் முகத்துக்குத் திருப்பிவிட்டாள்.

ஷா ஆலம் வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்களாக இருந்தால் கிள்ளான் வரை தாங்கியிருப்பீர்களா?