மாப்பிள்ளை கேட்ட நீளப் படகு

ஆற்றங்கரையில் துடுப்புப் படகுகளை வாடகைக்கு விடுகிறவளை எல்லோரும் ‘உதைக்கார அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வந்தாலும் முழங்கால் தண்ணீரில் ஒரு படகில் உட்காரவைத்து, அதன் விளிம்பில் காலால் ஓர் உதை விடுவாள். விறைத்துப்போய் விளிம்பைப் பிடித்தால் அகலப் படகு, அதுவும் தேங்கிய நீரில் மட்டும். இடுப்பை வளைத்து ஆட்டத்தோடு ஆடுகிறவர்களுக்குத்தான் பாறை வளைவுக்குப் போகும் குட்டைப் படகு. நீளப் படகு நேராகப் பறக்கும், சட்டென்று திரும்பாது. வளைவுக்கு அதைத் தரவே மாட்டாள். பெரிய அதிகாரி ஒருவர் கத்திப் பார்த்தார், பாச்சா பலிக்கவில்லை.

அன்றைக்கு அதைக் கேட்டு நின்றது அவளுடைய தங்கை புருஷன்.

“குட்டைப் படகு ரெண்டு எடுத்துக்குங்க மாப்பிள்ளை. வளைவுல அதுதான் திரும்பும்.”

“ஆளுக்கு ஒண்ணா? கல்யாணமாகி முழுசா ஒரு வருஷம் ஆகல, அதுக்குள்ள பிரிச்சு வைக்கிறீங்களே அக்கா!” என்று சிரித்தான். “அந்த நீளமானதுல ரெண்டு பேரும் போறோம்.”

தங்கை முன்னால் ஏறி உட்கார்ந்து அக்காவையே பார்த்தாள். அக்காவுக்குக் கால் எழவில்லை. மாப்பிள்ளை உட்கார்ந்த படகைக் காலால் உதைப்பதா? நாளைக்கு உறவில் என்ன பேசுவார்கள்? “பாத்துப் போங்க” என்று மட்டும் சொன்னாள்.

படகு நீரோட்டத்தைத் தொட்டதுமே அவள் கொட்டகையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டுக் கரையோரமாக ஓடினாள்.

வளைவில் மாப்பிள்ளை துடுப்பை இழுஇழு என்று இழுத்தான். படகின் மூக்கு திரும்பவில்லை. வெள்ளம் படகைக் குறுக்காகத் தள்ளிப் பாறையில் சாத்தியது.

“பாறைப் பக்கம் சாயுடீ!” என்று அக்கா கரையிலிருந்து கத்தினாள்.

தங்கை பயத்தில் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் சாய்ந்தாள். தண்ணீர் உள்ளே பாய்ந்து படகு கவிழ்ந்தது. மாப்பிள்ளையின் தலை உடனே மேலே வந்தது. தங்கையின் தலை வரவில்லை.

அக்கா குதித்தாள். மார்பளவு தண்ணீரில் துழாவி, படகுக்கு அடியில் தோளைக் கொடுத்து நெம்பினாள். கையில் தங்கை போட்டிருந்த மிதவை உடையின் வார் சிக்கியது. பிடித்து இழுத்தாள்.

கரையில் தங்கை தண்ணீரைக் கக்கினாள். மாப்பிள்ளை அவள் முதுகைத் தடவியபடி, “எனக்குத் தெரியாம போச்சு அக்கா” என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

தங்கை அவனைப் பார்க்கவே இல்லை.

“அக்கா, முன்னப்பின்ன தெரியாத யாராவது கேட்டிருந்தா, இதைக் குடுத்திருப்பியா?”

“குடுத்திருக்க மாட்டேன்டீ” என்று சொல்லிவிட்டு அவள் வாய்விட்டு அழுதாள்.